நுவாங் மலைக்கு நான் தேர்ந்தெடுத்த கைத்துப்பாக்கி

தீபாவளி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை நானும் என் நண்பன் கதிரும் உலு லங்காட்டில் இருக்கும் நுவாங் மலைக்குப் போனோம். ஓர் இரவு காட்டில் தங்கி மறுநாள் திரும்பும் பயணம். கதிருக்கு போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கொள்கலன் முனையத்தில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. பதினாறு நாளில் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் ஷிப்ட், அப்புறம் சனி ஞாயிறு என்பதே கிடையாது. அதற்கு முன்னால் ஒரு மலை ஏற வேண்டும் என்றான். அது அவன் காரணம். என் காரணம் இந்த வலைப்பூ. 'காட்டில் பிழைக்க ஒரே ஒரு கைத்துப்பாக்கி: எது?' என்று ஒரு கட்டுரை எழுதத் திட்டமிட்டிருந்தேன். அதற்குப் படம் தேவைப்பட்டது.

அந்தக் கட்டுரை வரவில்லை. அதற்குப் பதில் இது. நுவாங் போக நினைப்பவர்களுக்கு வேண்டிய தூரம், நேரம், செலவு எல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் வழியில் நான் செய்த ஒரு காரியத்தை விட்டுவிட்டு வெறும் வழிக்குறிப்பாக இதை எழுத முடியாது.

முதலில் இந்தத் துப்பாக்கிப் பைத்தியம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் போடும் காணொளிகள் உண்டு. பனி மூடிய காடு, தாடி வைத்த மனிதர், மேசையில் வரிசையாக ஏழெட்டுக் கைத்துப்பாக்கிகள். "உன்னிடம் ஒன்றுதான் இருக்கலாம் என்றால் எதை எடுப்பாய்?" என்பார். எடை, குண்டின் அளவு, ஈரத்தில் சிக்காமல் சுடுமா, கரடி பாய்ந்தால் நிறுத்துமா என்று ஒவ்வொன்றாகப் பேசுவார். நான் ஒரு மாதத்தில் நாற்பது காணொளி பார்த்திருப்பேன். பிரிக்பீல்ட்ஸில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, எந்த ரிவால்வர் கரடியை நிறுத்தும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மாத வாடகையை எது நிறுத்தும் என்று தெரியவில்லை.

கதிர் வெள்ளிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் வருவான். கீழே உள்ள கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே இதைத்தான் வாதாடுவோம்.

"ரிவால்வர்தான்டா," என்பேன். "ஆறு குண்டு. மழையில நனைஞ்சாலும் சிக்காது. நம்ம காட்டு ஈரத்துக்கு அதான் சரி."

"லைசன்ஸ் எங்க?"

"ஒரு பேச்சுக்குடா."

"பேச்சுக்குன்னா பீரங்கி எடுத்துக்க லா. ஏன் ரிவால்வரோட நிறுத்துற? காசா பணமா?"

அவன் சொன்னது சரிதான். இந்த நாட்டில் நம்மைப் போன்ற ஆளுக்குக் கைத்துப்பாக்கி உரிமம் என்பது நடக்காத காரியம். நம் ஆள் சட்டப்படி துப்பாக்கியோடு நிற்பதை நான் பார்த்த ஒரே இடம் நகைக்கடை வாசல். பன்னிரண்டு மணி நேரம் நின்று, அடுத்தவன் தங்கத்தைக் காத்து, மாதக் கடைசியில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றக் கடன் வாங்குகிற பாதுகாவலர். அவரிடம் போய் "உங்களுக்கு எந்த ரகம் பிடிக்கும் அண்ணே?" என்று கேட்டால் அவர் உட்கார ஒரு நாற்காலி கேட்பார்.

ஆனாலும் கட்டுரை எழுதியாக வேண்டும் என்ற வெறி எனக்கு. ஒரு யோசனை தோன்றியது. உலகம் முழுக்கத் துப்பாக்கி தேடுகிறது, நம் ஊரில் காட்டுக்குப் பொருத்தமானது தீபாவளிப் பொட்டுத் துப்பாக்கி என்று எழுதினால் என்ன? நகைச்சுவையாகவும் இருக்கும், உண்மையும் கொஞ்சம் இருக்கும். மிருகங்கள் சத்தத்துக்குத்தானே ஓடுகின்றன? கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பண்டிகைக்காகப் போட்ட கடைகளில் ஒன்றில் வாங்கினேன். கறுப்புப் பிளாஸ்டிக், எட்டுப் பொட்டு கொண்ட சிவப்பு வளையம், விலை பதினெட்டு வெள்ளி தொண்ணூறு சென். முனையில் மட்டும் ஆரஞ்சு நிற மூடி. அது பொம்மை என்று பார்த்ததும் தெரிவதற்காக வைத்தது.

படத்தில் அந்த ஆரஞ்சு அசிங்கமாகத் தெரிந்தது. கறுப்பு மார்க்கர் எடுத்துத் தீட்டினேன். இரண்டு பூச்சு. கதிர் பார்த்துவிட்டு, "இப்ப நிஜம் மாதிரியே இருக்குடா," என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

சரி, வழிக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை கதிர் கிள்ளானிலிருந்து முதல் கொமூட்டர்களில் ஒன்றைப் பிடித்து, ஆறே முக்காலுக்கு என் வீட்டுக்குப் பக்கத்து சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினான். ஏழு மணிக்கு என் பழைய காரில், எங்கள் பேச்சில் காடியில், புறப்பட்டோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து செராஸ் வழியாகப் போய், ஒன்பதாம் மைல்கட்டையில் இடது பக்கம் பிரிந்து உலு லங்காட் சாலையைப் பிடிக்க வேண்டும். மலையடிவாரமான பங்சூன் வரை என் மீட்டரில் நாற்பத்தொரு கிலோமீட்டர். சனிக்கிழமை காலையில் நெரிசல் இல்லை, ஓட்டம் ஐம்பத்தைந்து நிமிடம். பதினான்காம் கட்டைச் சிறு பட்டணத்தில் நிறுத்திப் பசியாறினோம். இரண்டு நாசி லெமாக், இரண்டு தேநீர், பதினொரு வெள்ளி. அங்கேயே தண்ணீர், ரொட்டி, மெழுகுவர்த்தி வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் கடைகள் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். நாங்கள் கட்டியது ஆளுக்குப் பத்து வெள்ளி. கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால் போகுமுன் சரிபாருங்கள். வழிகாட்டி இரண்டு நாளுக்கு முந்நூறு வெள்ளி கேட்டார். பேரம் பேசாதீர்கள். எங்கள் இருவரையும் உயிரோடு கீழே கொண்டுவருவதற்கு அது குறைவுதான்.

எங்கள் வழிகாட்டி பெயர் ஜொஹான். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில் இருப்பவர், தெமுவான் ஓராங் அஸ்லி பழங்குடி, முப்பத்தைந்து வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு, ரப்பர் காலணி, இடுப்பில் ஒரு பாராங் கத்தி. அவர் பேசியது மலாயில், நான் தமிழில் தருகிறேன்.

ஒன்பதே காலுக்கு நடக்கத் தொடங்கினோம். முதல் ஐந்து கிலோமீட்டர் அகன்ற மண்பாதை. அழகு எதுவும் இல்லை, முடிவும் இல்லை. வளைவு திரும்பினால் இன்னொரு வளைவு. பலர் இங்கேயே மலையை வெறுத்துவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ மூட்டையோடு எங்களுக்கு இரண்டு மணி பத்து நிமிடம் பிடித்தது. கதிர் முன்னால் நடந்தான். கிடங்கில் ஆறு வருடம் பெட்டி தூக்கிய தோள் அவனுக்கு. ஒப்பந்தக்காரன் மாறும்போதெல்லாம் அவன் பணிக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆறு வருட வேலை, கையில் நான்கு வேலைக் கடிதம், நான்கிலும் 'புதிய பணியாளர்'. அதனால்தான் இந்த நிரந்தர வேலை அவனுக்கு அப்படி ஒரு விஷயம். நடக்கும்போதே சொன்னான்: "பாஸ் மட்டும் கைக்கு வந்துடட்டும்டா. போலீஸ் சரிபார்ப்புதான் பாக்கி. அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி." முனையத்துக்குள் நுழைய நுழைவுப் பாஸ் வேண்டும், அதற்கு ஆள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். அவன் மேல் ஒரு போக்குவரத்து சம்மன்கூட இல்லை.

ஓடையைக் கடந்தால் கெம் லோலோ என்ற முகாம் இடம். பதினொன்றரைக்குச் சேர்ந்தோம். கூடாரம் கட்டினோம். ஜொஹான் எங்கள் கூடாரத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தண்ணீரிலிருந்து இருபது அடி மேலே நகர்த்த வைத்தார். மேலே மழை பெய்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு திடீரென்று சுவர் மாதிரி வரும் என்றார்.

மாலை ஐந்து மணிக்கு நான் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தேன். ஜொஹான் சட்டென்று எழுந்துவிட்டார். பொம்மை என்று சொல்லி வளையப் பொட்டைக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

"எதுக்கு இது?"

"மிருகம் வந்தா சத்தம் போட. ஒரே ஒரு கைத்துப்பாக்கி கொண்டுவரலாம்னா எது நல்லதுன்னு எழுதப்போறேன்."

"சுடு பார்ப்போம்."

சுட்டேன். டிக். மறுபடி. டிக். எட்டுப் பொட்டில் இரண்டுதான் வெடித்தன. அதுவும் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டின மாதிரி. காட்டு ஈரம் மருந்தை நமத்துப்போக வைத்திருந்தது. கதிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "புலி வந்தா இதைக் கேட்டுச் சிரிச்சே செத்துரும்டா!"

ஜொஹான் எழுந்து பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மரத்திடம் போனார். அடிமரத்திலிருந்து பலகைபோல விரிந்த வேர்கள். ஒரு தடித்த கட்டையால் அந்தப் பலகை வேரை இரண்டு முறை அடித்தார். முரசு மாதிரி ஒரு சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்த் திரும்பியது. தூரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் கத்தியது.

"வழி தவறினா இதை அடிக்கிறது. எங்க ஆளுங்க அப்படித்தான்," என்றார். "மிருகம் நம்மளைப் பார்க்குறதுக்கு முன்னாடியே போயிடும். நான் இந்தக் காட்டில் ஆளைத் தேடப் போயிருக்கேன். வழி தவறினவன், தண்ணி அடிச்சிட்டுப் போனவன், குளிர்ல விறைச்சவன். துப்பாக்கி இருந்திருந்தா பிழைச்சிருப்பான்னு ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்லை."

நான் விடவில்லை. நிஜத் துப்பாக்கியாக இருந்தால்?

"எவ்வளவு எடை?"

"குண்டோட ஒரு கிலோ பக்கம்."

"அப்ப ஒரு லிட்டர் தண்ணி கொண்டுவா."

கட்டுரைக்கு வேண்டிய பதில் இதுதான். இதைவிட நல்ல பதில் நாற்பது காணொளியில் இல்லை. ஜொஹான் கடைசியாக ஒன்று சொன்னார். "இதைக் கீழே கொண்டுபோகாதே. நான் பொம்மைன்னு தெரியாமப் பயந்தேன். மத்தவனும் பயப்படுவான். முனையில ஏதாவது கலர் துணியாவது சுத்து." சரி என்றேன். கலர் துணி எங்களிடம் இல்லை. அதைவிட, மலை உச்சியில் எடுக்கவேண்டிய படம் இன்னும் பாக்கி இருந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு உச்சியை நோக்கிக் கிளம்பினோம். மூட்டைகளை முகாமிலேயே விட்டுவிட்டு, தண்ணீர், டார்ச், விசில், அந்தத் துப்பாக்கி மட்டும். லோலோவுக்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் நிறைய. அட்டைகளுக்குப் பெயர்போன ஒரு முகாம் வழியில் வரும், அங்கே உட்காராதீர்கள். கதிரின் காலில் பதினான்கு எண்ணினோம். "என் ரத்தத்தையும் ஒப்பந்த அடிப்படையில எடுக்குதுங்க," என்றான். ஒன்பது ஐம்பதுக்கு உச்சி. முழுக்க மேகம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் துப்பாக்கியைக் கையில் பிடித்து, இடுப்பில் செருகி, பாறைமேல் வைத்து என்று நாற்பத்தொரு படம் எடுக்க வைத்தேன். எடுத்தவன் கதிர். "முடிஞ்சுதா ஹீரோ? கை விறைக்குது," என்று கடைசிவரை பொறுமையாக எடுத்தான். அந்தப் படங்களில் ஒன்றுகூட இங்கே இல்லை.

இறக்கம் இரண்டே முக்கால் மணி நேரம். லோலோவில் மூட்டை கட்டி ஒன்றரைக்குக் கிளம்பினோம். ஓடையைக் கடக்கும்போது நான் வழுக்கி விழுந்தேன். என் பை முழுதும் நனைந்தது. மூன்றே காலுக்கு அடிவாரம் வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த கதிரிடம் கேட்டேன்:

"என் பையெல்லாம் தண்ணிடா. இதை உன்னோடதுல வைக்கட்டுமா?"

"எதை?"

"துப்பாக்கி."

"தூக்கிக் குப்பையில போட்ருடா. அதான் வெடிக்கலையே."

"பத்தொன்பது வெள்ளிடா."

"சரி போடு, போடு."

அவன் பையின் மேல் பாக்கெட்டில் வைத்து ஜிப்பை இழுத்தேன். பக்கத்திலேயே குப்பைத்தொட்டி இருந்தது. மூடி பச்சை நிறம். இன்றும் ஞாபகம் இருக்கிறது.

நாலு இருபதுக்கு, செராஸுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் போலீஸ் ரோட் பிளாக். காடியை ஓரம் நிறுத்தச் சொன்னார்கள். நான் பழக்கப்பட்டவன். வருடத்துக்கு நாலைந்து தடவையாவது என்னை ஓரம் கட்டுவார்கள். பழைய காடி, கறுப்பு முகம், தாடி. பக்கத்தில் இன்னொரு கறுப்பு முகம். எங்களைப் போன்ற பையன்கள் இருவர் சேர்ந்து போனாலே சிலர் பார்வையில் அது கூட்டம், மூவர் சேர்ந்தால் கும்பல். இதைப் பற்றி இந்த வலைப்பூவில் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அவற்றில் ஒன்றில், நமக்காக நாம் வாய் திறக்காவிட்டால் யார் திறப்பார் என்று எழுதியிருந்தேன்.

பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு பேர், ஒருவர் இளம் மலாய்க்காரர், இன்னொருவர் நரைத்த மீசை வைத்த தமிழர். இளையவர் கதிரின் பையைக் காட்டி யாருடையது என்று கேட்டார். "என்னோடதுதான் பாங்," என்று மலாயில் அண்ணன் முறை போட்டுச் சொன்னான் கதிர். ஜிப் திறந்தது.

இளையவர் இரண்டு அடி பின்னால் போனார். கை இடுப்புக்குப் போனது. அந்தப் பயணத்தில் நான் பார்த்த ஒரே நிஜக் கைத்துப்பாக்கி அதுதான், உறைக்குள் இருந்தது. வெளியே வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. கறுப்பாக, முனையில் ஆரஞ்சு இல்லாமல், ஒரு பையில் அது கிடந்தால் யாராக இருந்தாலும் பின்வாங்குவார்கள். பொம்மை என்று தெரிய வைக்கும் அடையாளத்தை அழித்தவன் நான்.

கைகளைக் காடியின் மேல் வைக்கச் சொன்னார்கள். மீசைக்காரர் அதைக் கைக்குட்டையால் எடுத்துப் பார்த்தார். எடையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நகத்தால் முனையைச் சுரண்டினார். ஆரஞ்சு தெரிந்தது.

"ஏண்டா, மூளை இருக்கா? நிறத்தை அழிச்சிருக்கீங்க. இது என்ன குத்தம் தெரியுமா? பொம்மையா இருந்தாலும் குத்தம்தான். யாரோடது இது?"

கதிர் திரும்பி என்னைப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில் என் மனதில் வந்தது இதுதான்: நான் தற்காலிக ஆசிரியர், நிரந்தர நியமனக் கடிதம் எந்த வாரமும் வரலாம். கதிரின் பதினாறு நாள் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. என்னுடையதற்குப் பிறகு வந்தது.

"பொம்மை சார்," என்றேன். "வெறும் தீபாவளிப் பொம்மை."

"அது தெரியுது. யாரோடதுன்னு கேட்டேன்."

சாலையில் லோரிகள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. நான் லோரிகளைப் பார்த்தேன்.

"பை என்னோடது அங்கிள்," என்றான் கதிர்.

அவன் 'துப்பாக்கி என்னுடையது' என்று சொல்லவில்லை. கடைசிவரை அப்படி ஒரு பொய்யை அவன் சொல்லவே இல்லை. மீசைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். "உனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். கதிரை ஏற்றிக்கொண்டு போனார்கள். என் அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு என்னை விட்டார்கள்.

நிலையம் வரை பின்னால் காடி ஓட்டிக்கொண்டு போனேன். வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். முகப்பு மேசை பன்னிரண்டு அடி தூரம். எழுந்து போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கதிரின் அக்கா தேவிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். 'பையில் ஒரு பொம்மைத் துப்பாக்கி இருந்தது' என்று சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. அவர் கிள்ளானிலிருந்து கிராப் காரில் வந்தார், எழுபத்திரண்டு வெள்ளி. நான் அழைத்து வந்திருக்கலாம். தோன்றவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கதிரை ஜாமீனில் விட்டார்கள். விசாரணை நடக்கும், மறுபடி வர வேண்டும் என்றார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு ராத்திரி சிமெண்டுத் தரையில் படுத்திருந்தான், அவ்வளவுதான். ஆனால் பாஸ் படிவத்தில், நீ குற்றவாளியா என்ற கேள்வி இல்லை. கைது செய்யப்பட்டிருக்கிறாயா, விசாரணை ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நம் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு ஒருவன் இந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதிவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். தப்பு செய்தவனும் இருக்கிறான், நண்பனோடு காடியில் போனவனும் இருக்கிறான். படிவத்துக்கு இரண்டும் ஒன்று. இதைப் பற்றியும் கோபமாக ஒரு கட்டுரை எழுதலாம். எழுதும் தகுதி எனக்கு இப்போது இல்லை.

வெள்ளிக்கிழமை தேவி அக்கா அழைத்தார்.

"விக்கி, அந்தச் சனியன் யாரோடது?"

"...என்னோடது அக்கா."

"தெரியும். அவன் சொல்லல. கடையில வாங்கின நாள் உன் ஃபேஸ்புக்ல போட்ருந்த, இப்பத்தான் பார்த்தேன். உன் பொருளை உன்னோடதுன்னு சொல்றதுக்கு அஞ்சு நாளாடா? சாமி கும்பிட வீட்டுக்கு வந்தப்ப கூச்சமே இல்லாம மூணு தட்டுச் சோறு கேட்டு வாங்கித் தின்னியே, அந்த வாய்தானே இது?"

அன்று மாலையே நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். வாங்கியது நான், நிறம் தீட்டியது நான், பையில் வைத்தது நான். எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கடுமையாக எச்சரித்தார்கள். சில வாரம் கழித்து இருவர் மேலும் மேல்நடவடிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் நியமனக் கடிதம் வந்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ரோட் பிளாக்கிலேயே சொல்லியிருந்தால், ஒரு ராத்திரி சிமெண்டுத் தரை எனக்கு, ஒரு வேலை கதிருக்கு. கணக்கு அவ்வளவு சின்னது.

முனையம் காத்திருக்கவில்லை. சேரவேண்டிய தேதியில் பாஸ் இல்லை, அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போனது. அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை, விதி அப்படி. மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்ததாம். எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து போர்ட் கிள்ளானில் கதிரைப் பார்த்தேன். பழைய கிடங்கு, ஐந்தாவது ஒப்பந்தக்காரன், ஐந்தாவது 'புதிய பணியாளர்' கடிதம். சாப்பாட்டு இடைவேளையில் வேலிக்கு வெளியே உள்ள கடையில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வந்திருந்தேன். தேநீர்தான் சொன்னேன்.

"நீ சொல்லியிருந்தா உன்னைத்தான் பிடிச்சிருப்பாங்க," என்றான். "அது எனக்கும் தெரியும். நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலடா. ஆனா நீ சொல்லுவேன்னு நினைச்சேன் லா. அந்த அங்கிள் ரெண்டாவது தடவை கேட்டாரு பாரு, அப்பக்கூட நினைச்சேன்."

பிறகு கிடங்கில் பாரந்தூக்கி பழுதான கதையைச் சொன்னான். நான் சிரித்தேன். மணி அடித்தது, எழுந்து போனான். என் தேநீருக்கும் அவனே காசு கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன் பிறகு நான் அனுப்பும் செய்திகளுக்குக் கட்டைவிரல் மட்டும் வருகிறது.

சரி, நுவாங் போகிறவர்களுக்கு. இரண்டு நாளுக்கு ஆளொன்றுக்கு எங்களுக்கு ஆன செலவு, பெட்ரோல், சாப்பாடு, அனுமதி, வழிகாட்டி எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பத்து வெள்ளி. பழக்கமில்லாதவர்கள் முதல் தடவை லோலோவோடு திரும்புங்கள். மேலே மேகம் கறுத்தால் ஓடையைக் கடக்காதீர்கள், தண்ணீர் கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். கழுத்தில் விசில், ஆளுக்கு ஒரு டார்ச், மாற்று பேட்டரி, தீப்பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி. பாராங் வழிகாட்டியிடம் இருக்கட்டும், சும்மா காடியில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றாதீர்கள். பொம்மைத் துப்பாக்கி, பிளாஸ்டிக் குண்டு சுடுவது, சாவிக்கொத்தில் தொங்குவது எதுவும் வேண்டாம். போலித் துப்பாக்கியும் இந்த நாட்டுச் சட்டத்தில் ஆயுத விவகாரம்தான், தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. 'காட்டுக்கு ஒரே ஒரு கைத்துப்பாக்கி எது?' என்று என்னிடம் முன்பு கேட்டிருந்த வாசகர்களுக்கும் பதில் இதுதான்: எதுவும் இல்லை. அந்த ஒரு கிலோவுக்குத் தண்ணீர் எடுத்துப் போங்கள். இன்னொன்று, அடுத்தவர் பையில் உங்கள் பொருளை வைக்காதீர்கள். ஒரு சோப்புக்கட்டிகூட.

அனுமதிப் படிவத்தை முன்னிரவே நிரப்பி வையுங்கள், நேரம் பிடிக்கும். போன வாரம் ரவாங் பக்கம் ஒரு சின்ன மலைக்காக அதை நிரப்பினேன். தனியாகத்தான் போகிறேன், வழிகாட்டியோடு. 'அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்று ஒரு கட்டம் வரும், பெயரும் எண்ணும் போட வேண்டும். ஏழு வருடமாக அதில் கதிரின் எண்ணைத்தான் போட்டு வந்திருக்கிறேன், பார்க்காமலே விரல் தட்டும். இந்த முறையும் தட்டியது. அழித்தேன். காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. கடைசியில் அம்மாவின் எண்ணைப் போட்டேன். நான் மலைக்குப் போவதே அம்மாவுக்குத் தெரியாது.